தமிழ் வாசிக்கும் பையன் ஆங்கிலத்தில் எங்கே நின்றான்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. வீட்டில் தமிழ்தான். பள்ளியில் தமிழ் ஒரு பாடம், மற்றதெல்லாம் ஆங்கிலம். வகுப்பில் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் வாயே திறப்பதில்லை. வீட்டுக்கு வந்தால் அதே பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான். "தெரிஞ்சும் வேணும்னே பண்றானா, இல்ல நெஜமாவே வரலையா மிஸ்?" என்று, பிள்ளைகளுக்குத் தனியாக வாசிப்பு சொல்லித்தரும் என்னிடம் அவன் அம்மா கேட்டார்.

அவனை இங்கே தம்பி என்றே எழுதுகிறேன்; நான் அவனைக் கூப்பிடுவதும் அப்படித்தான். அடையாளம் தெரியக்கூடிய விவரம் எதையும் சேர்க்கவில்லை. இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. ஆங்கில வாசிப்பு சொல்லித்தரும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தமிழ் பேசி, தமிழ் எழுத்தில் வாசிக்கப் பழகிய பிள்ளை தடுக்கி விழும் இடங்கள் வேறு. கையில் பிடித்துக்கொள்ள அதற்குக் கிடைப்பவையும் வேறு. இரண்டையும் தம்பியிடம் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

முதலில் பார்த்தவை

கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னேன். இரண்டிலும் குறை இல்லை. பலரும் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள். இதுவே முதலில் நடக்க வேண்டும். பலகை சரியாகத் தெரியாத பிள்ளைக்கு எந்தப் பாடத்திட்டமும் உதவாது.

அடுத்து, அவன் முன்பு பார்த்திராத ஒரு சிறு தமிழ்க் கதையைக் கொடுத்தேன். நிதானமாக, தடங்கல் அதிகமில்லாமல் வாசித்தான். புத்தகத்தை மூடிவிட்டுக் கதையைக் கேட்டபோது சொந்தச் சொற்களில் சொன்னான். இது முக்கியமான தகவல். வாசிப்பதிலேயே அடிப்படைக் குறைபாடு இருந்தால் தமிழிலும் அது ஏதாவது ஒரு வகையில் தெரியும். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு நேரானது என்பதால் பிழையாகத் தெரியாமல் வேகக்குறைவாக மட்டும் தெரியலாம். ஆகவே வேகத்தையும் கவனித்தேன். அதிலும் கவலைப்பட ஒன்றுமில்லை. இந்தப் பையனுக்கு வாசிக்க வரும், ஆங்கிலம் வாசிக்கத்தான் வரவில்லை என்று முடிவுசெய்தேன்.

ஆங்கில எழுத்துகள் 26-ன் பெயரும் வரிசையும் அவனுக்கு அத்துப்படி. ஓர் எழுத்தைக் காட்டி "இது என்ன சத்தம் போடும்?" என்று கேட்டால் மறுபடியும் பெயரையே சொன்னான். எழுத்துக்குப் பெயர் ஒன்று, சத்தம் வேறொன்று என்பதே அவனுக்குப் புதுச் செய்தி. அதில் வியப்பில்லை. தமிழில் 'க'வின் பெயரும் 'க', சத்தமும் 'க'.

அப்புறம் மூன்றெழுத்துச் சொற்கள். பூனை, பாய், மட்டை, எலி, தொப்பி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைத் தனித்தனி அட்டையில் எழுதிக் காட்டினேன். கேட், மேட், பேட், ரேட், கேப் என்று எல்லாமே சரியாக வந்தன. இங்கேயே நிறுத்தியிருந்தால் பையனுக்குப் பிரச்சினையே இல்லை என்று தோன்றியிருக்கும்.

நிறுத்தாமல், ஆங்கிலத்தில் இல்லாத சொற்களை எழுதிக் காட்டினேன். பெம், மிப், நஸ் போன்றவை. பொருள் இல்லாத சொல்லை மனப்பாடத்திலிருந்து எடுக்க முடியாது, படத்தைப் பார்த்தும் ஊகிக்க முடியாது. எழுத்தைச் சத்தமாக்கத் தெரிந்தால் மட்டுமே வரும். இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதையொட்டிய பிள்ளைகளுக்கு நடக்கும் ஒலி வாசிப்புச் சோதனையில் 40 சொற்களில் 20 சொற்கள் இப்படி இட்டுக்கட்டியவையாக இருப்பது இதனால்தான்.

தம்பி 'பெம்' என்பதை 'பீம்' என்றான். 'மிப்' என்பதை 'மைப்' என்றான். 'நஸ்' என்பதை 'ந்யூஸ்' என்று வாசித்துவிட்டு, தெரிந்த சொல் வந்துவிட்ட மகிழ்ச்சியில் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் செய்ததில் ஒரு ஒழுங்கு இருந்தது. நடுவில் இருக்கும் உயிரெழுத்தின் பெயரையே அதன் சத்தமாக வைத்துக்கொண்டான்: ஈ, ஐ, யூ. முதல் உயிரெழுத்தின் பெயர் 'ஏ'. பூனைக்கான சொல்லைத் தமிழர்கள் பேச்சில் 'கேட்' என்று சொல்வதால் அங்கே மட்டும் பெயரும் சத்தமும் ஒத்துப்போய்விட்டன. தொடக்கநிலைப் புத்தகங்களில் அந்த உயிரெழுத்துச் சொற்களே நிறைய. ஆகவே ஒன்றாம் வகுப்பு முழுக்க அவனுடைய தவறான முறை சரியான விடைகளைத் தந்துகொண்டே இருந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மற்ற உயிரெழுத்துச் சொற்கள் வந்தபோது அவற்றை மனப்பாடம் செய்துகொண்டான். நினைவில் இருக்கிற வரை ஒப்பித்தான். இரண்டாம் வகுப்பில் பாடம் நீண்டதும் நினைவால் இழுத்துப் பிடிக்க முடியவில்லை. வேணும்னே பண்ணவில்லை, சோம்பலும் இல்லை. அவனிடம் இருந்த ஒரே வழி அடைபட்டுவிட்டது, அவ்வளவுதான்.

எழுத்தே இல்லாமல், காதால் மட்டும் ஒரு சோதனை செய்தேன். தமிழ்ச் சொற்களை அசைஅசையாகப் பிரித்துக் கைதட்டச் சொன்னால் சட்டென்று தட்டினான். சூரியனுக்கான ஆங்கிலச் சொல்லைச் சொல்லி, 'சன்' என்பதில் கடைசிச் சத்தம் என்ன என்றேன். "ன்" என்றான், மிகச் சரி. முதல் சத்தம்? "ச". 'ச்' அல்ல, 'ச'. இந்திய எழுத்துமுறைகளில் படிக்கும் பிள்ளைகளிடம் இது இயல்பு. அசையைப் பிரிப்பது சீக்கிரம் வந்துவிடும். அசைக்குள் இருக்கும் தனி ஒலியைப் பிரிப்பது மெதுவாகவே வரும். அவர்கள் படிக்கும் எழுத்தில் மெய்யும் உயிரும் ஒரே வடிவமாகப் பிணைந்திருப்பதுதான் காரணம். ஆங்கிலமோ அந்தப் பிணைப்பை அவிழ்த்து, ஒவ்வொன்றையும் தனியாக வரிசையில் நிறுத்துகிறது.

வரிகளுக்கு மேலே பென்சிலால் எழுதிய தமிழ்

அவனுடைய பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு ஆங்கில வரிக்கு மேலும் அம்மா பென்சிலால் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். வேலை முடிந்து வந்து, இரவில் உட்கார்ந்து, பக்கம் பக்கமாக எழுதியது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

ஏனென்றால் 'கேட்' என்று தமிழில் எழுதினால் பூனையும் அதுதான், வாசல் கதவும் அதுதான். 'பேட்' என்று எழுதினால் மட்டை, கெட்டது, தட்டிக்கொடுப்பது, எழுதும் அட்டை எல்லாம் ஒன்றாகிவிடும். ஆங்கிலத்தில் இவை வேறு வேறு எழுத்து, வேறு வேறு ஒலி. அந்த வேறுபாட்டைக் காட்டத் தமிழ் எழுத்துக்குத் தேவை இருந்ததில்லை, ஆகவே அதில் இடமும் இல்லை. மேலே தமிழ் இருக்கும்போது பிள்ளையின் கண் கீழே இருக்கும் ஆங்கில எழுத்துக்குப் போகவே போகாது. அதைவிட, எந்தெந்த வேறுபாட்டை அவன் கற்க வேண்டுமோ அவற்றையே அந்தப் பென்சில் வரி அழித்துவிடுகிறது. இதை எடுத்துச் சொன்னதும் அவர் உடனே புரிந்துகொண்டார். பழைய பக்கங்களை இரண்டு பேருமாக அழிரப்பரால் அழித்தோம்.

அதே நாளில் அவர் இன்னொன்றும் கேட்டார்: "வீட்டுல தமிழ் பேசுறதையே நிறுத்திட்டு இங்கிலீஷ்ல பேசட்டுமா?" வேண்டவே வேண்டாம் என்றேன். இதில் எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது. தாய்மொழியில் கதை சொல்லவும், காரணம் சொல்லவும், கேள்வி கேட்கவும் பழகிய பிள்ளை அந்தத் திறனை இரண்டாம் மொழிக்கும் கொண்டுபோகும் என்பதை இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே விளக்கியிருக்கிறார். பெற்றோர் தயங்கித் தயங்கிப் பேசும் ஆங்கிலத்தால் பிள்ளைக்குக் கிடைப்பது கொஞ்சம். அவர்கள் சரளமாகப் பேசும் தமிழை இழப்பதால் போவது நிறைய. வீட்டில் தமிழ்ப் பேச்சை இன்னும் கூட்டச் சொன்னேன். இரவில் தமிழ்க் கதைப் புத்தகம் ஒன்று, பள்ளியில் நடந்ததைப் பற்றித் தமிழில் பேச்சு.

இன்னொரு தகவலையும் சொன்னேன், அது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் 13 ஐரோப்பிய மொழிகளில் முதலாண்டு வாசிப்பை ஒப்பிட்டார்கள். ஃபின்னிஷ், ஜெர்மன் போன்ற மொழிகளில் பிள்ளைகள் ஓராண்டில் எளிய சொற்களைக் கிட்டத்தட்டப் பிழையின்றி வாசித்தார்கள். ஆங்கிலத்தில் படித்த ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் முதலாண்டு முடிவில் சரியாக வாசித்தது சுமார் 34 விழுக்காடுதான். ஆங்கிலமே தாய்மொழியான பிள்ளைக்கும் இது மெதுவாக வரும் வேலை. 26 எழுத்து, ஏறத்தாழ 44 ஒலி, அவற்றை எழுதப் பல வழிகள். மொழி அப்படி அமைந்திருக்கிறது, பிள்ளையின் மூளையில் குறையில்லை.

உயிர்மெய்யிலிருந்து தொடங்கியது

ஒலியைப் பிரிக்கக் கற்றுத்தருவதுதான் முதல் வேலை. அதற்கு ஆங்கிலத்திலிருந்து தொடங்கவில்லை. தமிழ்ப் பிள்ளையின் கையில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது: க் + இ = கி. மெய், உயிர், உயிர்மெய் என்று பெயர் வைத்து, தனி ஒலிகள் எப்படிச் சேர்கின்றன என்பதைத் தமிழ்ப் பாடம் முதல் வகுப்பிலேயே சொல்லித்தந்துவிடுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் அதை அட்டவணையாக மனப்பாடம் செய்கிறார்கள், அதற்குள் இருக்கும் பொருளை யாரும் தொட்டுக்காட்டுவதில்லை.

"கி-க்குள்ள யாரு யாரு இருக்காங்க?" என்று கேட்டேன். யோசித்து, "இக்கும் இ-யும்" என்றான். நம் பள்ளிகளில் மெய்யெழுத்தை இக், இங், இச் என்று முன்னால் ஓர் 'இ' சேர்த்துத்தான் ஒப்பிப்போம். அந்த 'இ'யைக் கழற்றச் சில நாள் ஆயிற்று. நாக்கைத் தொண்டைப் பக்கம் மூடி, திறக்கும் அந்தச் சின்ன வெடிப்பு மட்டும் போதும், குரல் வேண்டாம் என்று செய்துகாட்டினேன். அது வந்தபின் 'கி', 'மு', 'சா', 'நே' எல்லாவற்றையும் இரண்டாக உடைப்பது அவனுக்கு விளையாட்டாகிவிட்டது.

இங்கே தமிழுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. ஆங்கிலம் பேசும் ஆசிரியர்கள் மெய்யொலியைத் தனியாகச் சொல்லும்போது பின்னால் ஓர் 'அ' ஒட்டிக்கொள்வதைத் தவிர்க்கப் பெரும்பாடு படுவார்கள். நமக்கோ அந்தத் தனி மெய்யை எழுதிக் காட்டவே ஒரு புள்ளி இருக்கிறது. 'ப' வேறு, 'ப்' வேறு என்பது தம்பிக்குக் கண்ணால் தெரிந்த விஷயம். "ஆங்கில எழுத்தெல்லாம் புள்ளி வச்ச எழுத்து, தம்பி. உயிரெழுத்து பக்கத்துல வந்து நிக்கும்" என்று சொன்னதும் அவனுக்குப் பாதி வழி திறந்துவிட்டது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லித்தர வேண்டியிருந்தது. தமிழில் 'கெ', 'கே', 'கை' எழுதும்போது உயிரின் குறி மெய்க்கு இடப்பக்கம் வந்துவிடும், 'கொ'வில் இரண்டு பக்கமும் வரும். ஆங்கிலத்தில் காதில் கேட்கும் வரிசைதான் கையில் எழுதும் வரிசை. தொடக்கத்தில் பேனாவுக்கான சொல்லை எழுதச் சொன்னபோது உயிரெழுத்தை முன்னால் எழுதினான். கவனக்குறைவு என்று தோன்றும் அந்தப் பிழையில் அவனுடைய தமிழறிவுதான் வேலைசெய்திருந்தது.

ஒலிகளை எண்ணுவதற்குச் சோவியத் உளவியலாளர் தானியல் எல்கோனின் வகுத்த கட்டமுறையைப் பயன்படுத்தினேன். தாளில் மூன்று கட்டம், கீழே மூன்று பொத்தான். சொல்லை மெதுவாக இழுத்துச் சொல்லி, ஒலிக்கு ஒரு பொத்தானைக் கட்டத்துக்குள் தள்ள வேண்டும். முதலில் இழுக்கக்கூடிய ஒலிகளில் தொடங்கும் சொற்கள்: ஸ்ஸ்ஸ், ம்ம்ம், ன்ன்ன். வல்லின ஒலியில் முடியும் சொற்களில் ஒரு சிக்கல் எழுந்தது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை; ஆகவே பேச்சில் நாம் 'கேட்டு', 'பேக்கு', 'கப்பு' என்று ஓர் 'உ' சேர்ப்போம். தம்பி நான்காவது பொத்தானைத் தேடினான். அவன் வாய் நான்கு ஒலி சொல்லும்போது நான்கு கட்டம் கேட்பது நியாயம்தானே. கடைசி 'ட்' சொல்லியதும் வாயை அப்படியே நிறுத்து என்று பழக்கினோம்.

எழுத்துகளை எந்த வரிசையில்

இங்கிலாந்து அரசு 2007-இல் வெளியிட்ட ஒலிப்பாடத் திட்டத்தில் எஸ், ஏ, டி, பி முதல் தொகுதி. ஐ, என், எம், டி அடுத்தது. இந்தச் சில எழுத்துகளை வைத்தே ஏராளமான சொற்களைக் கட்டலாம் என்பதால் நானும் அதையே எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. மேலே 'டி' இரண்டு முறை வருகிறது பாருங்கள். ஒன்று ஆங்கில வரிசையின் 20-ஆம் எழுத்து, மற்றது 4-ஆம் எழுத்து. அதேபோல் 2-ஆம் எழுத்தும் 16-ஆம் எழுத்தும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி'. இந்தக் கட்டுரையிலேயே எண் சொல்லித்தான் அவற்றைப் பிரிக்க முடிகிறது. தம்பிக்கும் அதே நிலைமைதான். அதனால் 20-ஆம் எழுத்தையும் 16-ஆம் எழுத்தையும் முதலில் கற்பித்து, 4-ஐயும் 2-ஐயும் வெகுவாகத் தள்ளிவைத்தேன்.

அட்டைகளால் சொல் கட்டினோம். ஒரு நேரத்தில் ஒரே ஓர் அட்டை மாறும்: சேட், பேட், பேன், பின், டின், டிப். எது மாறியது, முதலா நடுவா கடைசியா என்று அவன் சொல்ல வேண்டும். பார்க்க எளிய பயிற்சி, ஆனால் இதைப்போல் பயன் தந்தது வேறெதுவும் இல்லை. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கும் பழக்கம் இதனால்தான் போயிற்று. ஊகம் இங்கே பலிக்காது, சொல்லின் கடைசி வரை கண் போயே ஆக வேண்டும்.

உயிரொலிகளில் தமிழ்ப் பிள்ளைக்குச் சில எளிது, சில கடினம். குறில் இ, எ அவனிடம் உள்ளவை. நாலாவது உயிரெழுத்தின் குறுகிய ஒலியை நாம் 'ஆ' என்றே சொல்லிவிடுவோம், அது பெரிய தொல்லை தரவில்லை. பூனைச் சொல்லின் நடுவில் இருப்பது 'ஏ'வுக்கும் 'ஆ'வுக்கும் இடைப்பட்ட, வாயை அகலத் திறந்து சொல்லும் ஒலி. அதையும் 'எ'யையும் பிரிப்பது நாள்பட்டது. கண்ணாடி முன் நின்று தாடை எவ்வளவு இறங்குகிறது என்று அவனே பார்த்துக்கொண்டான்.

பம்பரத்தில் இருந்த இரண்டு 'ப'

இனி, தள்ளிவைத்த 2-ஆம் எழுத்து. சொல்லெழுதச் சொன்னால் இதற்கும் 16-ஆம் எழுத்துக்கும் ஒன்றையே எழுதினான். காதுக்கு வேறுபாடு கேட்கவில்லையா, கேட்டும் எழுத்தில் பிரிக்கத் தெரியவில்லையா என்று தெரிந்தாக வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

"குடிக்கிற பால் சொல்லு." சொன்னான். "வெளையாடுற பால் சொல்லு." சொன்னான். "ரெண்டும் ஒரே சத்தமா?"

"இல்ல மிஸ், வேற வேற."

"தமிழ்ல எழுதிக் காட்டு." இரண்டு முறையும் 'பால்' என்று எழுதினான். எழுதியதைப் பார்த்தான். மறுபடி இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.

காதில் குறை இல்லை. இரண்டு ஒலியும் ஒரே எழுத்து என்று தமிழ் எழுத்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது, அதை அவன் நம்பியிருக்கிறான். தமிழில் எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பது தானாகவே முடிவாகிவிடும். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் ஒன்று, மெல்லினத்துக்குப் பின் மற்றது. அதனால் இரண்டு எழுத்து தேவைப்படவில்லை. அந்த ஒழுங்கையே பாடமாக்கினேன். பம்பரத்தில் இரண்டு 'ப' இருக்கிறதே, இரண்டும் ஒன்றா? பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது ப தடியா இருக்கு" என்றான். அன்றிலிருந்து எங்களுக்கு 2-ஆம் எழுத்து 'தடி ப', 16-ஆம் எழுத்து 'மெல்லிசு ப'. குங்குமத்தில் க-வுக்கு அதே பாடம் கிடைத்தது. வட்டிக்கும் வண்டிக்கும் நடுவில் ட-வுக்குக் கிடைத்தது. சொல்லின் முதலில் தடி ஒலியைக் கொண்டுவரத் தயங்கியபோது, 'ம்ம்ம்பா' என்று முனகலோடு தொடங்கி, முனகலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, உதடு மட்டும் அதே இடத்தில் இருக்கும்படி பழகினோம்.

சிறிய வடிவத்தில் 2-ஆம் எழுத்தும் 4-ஆம் எழுத்தும் ஒன்றின் கண்ணாடிப் பிம்பம் மற்றொன்று. இது தனிக் குழப்பம், முன்னதோடு சேர்த்துவிடக் கூடாது. அது ஒலியின் சிக்கல், இது வடிவத்தின் சிக்கல். ஒரு பொருளை இடமாகத் திருப்பினாலும் வலமாகத் திருப்பினாலும் அதே பொருள் என்று அடையாளம் காணுவது கண்ணுக்கும் மூளைக்கும் உள்ள இயல்பான திறன். வாசிக்கக் கற்பவர் எழுத்துகளுக்கு மட்டும் அந்தத் திறனை நிறுத்திவைக்கப் பழக வேண்டும் என்று நரம்பியலாளர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் விளக்குகிறார். ஏழு வயதில் இந்தக் குழப்பம் சாதாரணம், இதை மட்டும் வைத்து எந்த முத்திரையும் குத்த வேண்டியதில்லை. கண்ணைவிடக் கையை நம்பினேன். நாலு கோடு நோட்டில், 2-ஆம் எழுத்துக்கு முதலில் மேலிருந்து கோடு, பிறகு வளைவு. 4-ஆம் எழுத்துக்கு முதலில் வளைவு, பிறகு கோடு. தொடங்கும் இடம் வேறானதால் கை மறக்கவில்லை. 2-ஆம் எழுத்து உறுதியாகும் வரை 4-ஆம் எழுத்தை எடுக்கவில்லை. சந்தேகம் வந்தால் இன்றைக்கும் விரலால் மேசையில் எழுதிப் பார்த்துக்கொள்கிறான், நான் தடுப்பதில்லை.

மெய்கள் அடுத்தடுத்து வரும் சொற்களில் 'இஸ்டாப்', 'பிலேன்' என்று இடையில் உயிர் நுழைந்தது. கட்டமும் பொத்தானும் அதையும் சரிசெய்தன. சொல்லிறுதியில் ஒலிக்காத 'ஈ' வரும் பாடம்தான் அவனுக்குப் பிடித்தது. பின் பைன் ஆகும், கப் (விலங்கின் குட்டி) க்யூப் ஆகும், ஹாப் ஹோப் ஆகும். உயிரெழுத்து தன் பெயரையே சத்தமாகச் சொல்லும் இடம் இது. அவனுடைய பழைய முறைக்கு உரிய இடம் கடைசியில் கிடைத்துவிட்டது!

சத்தம் வந்தது, பொருள் வரவில்லை

ஒரு கட்டத்தில் ஒரு பக்கம் முழுக்கத் தானே வாசித்தான். வலை, குடில், செவிலி, நனைவு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் எல்லாம் ஒலியில் பிசகாமல் வந்தன. கதையில் என்ன நடந்தது என்றேன். தெரியவில்லை. அந்தச் சொற்களில் பலவற்றை அவன் வாழ்நாளில் கேட்டதே இல்லை.

வாசிப்பு ஆய்வாளர்கள் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986-இல் சொன்ன எளிய சூத்திரம் எனக்கு எப்போதும் வழிகாட்டுவது. வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனை மொழியறிவால் பெருக்கி வருவது. கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். ஆங்கில வீட்டில் வளரும் பிள்ளை ஆயிரக்கணக்கான சொற்களைக் காதில் சேர்த்துவைத்துக்கொண்டு வாசிக்க வருகிறது. ஒலியாக்கியதும் சொல் தானே புரிந்துவிடும். தம்பிக்கு அந்தச் சேமிப்பு இல்லை. ஒலிப்பாடம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் இந்தப் பள்ளத்தை அது நிரப்பாது. தமிழ் வீடுகளில் ஆங்கில வாசிப்பு கற்பிக்கும் பலர் இங்கேதான் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

ஆகவே ஒவ்வொரு வகுப்பின் பின்பாதியிலும் புத்தகம் என் கையில். படத்தைப் பார்த்து முதலில் தமிழில் பேசுவோம்: யார் இது, ஏன் ஓடுகிறான், அடுத்து என்ன செய்வான்? அப்புறம் அதே பக்கத்தை ஆங்கிலத்தில் நான் வாசிப்பேன். கதையின் போக்கு தெரிந்திருப்பதால் புதுச் சொற்கள் தங்களுக்கு உரிய இடத்தில் போய் உட்காரும். மறுநாள் அதே கதை. பிள்ளைகளுக்கு ஒரே கதையைத் திரும்பக் கேட்பதில் சலிப்பில்லை, கற்பிப்பவருக்குத்தான் சலிப்பு. வாக்கிய அமைப்பையும் வாயால்தான் பழக்கினேன். நாம் 'மேசைமேல்' என்று பொருளுக்குப் பின் ஒட்டுவதை ஆங்கிலம் முன்னால் தனிச் சொல்லாக வைக்கிறது. அவன் பந்தை எங்கெங்கோ ஒளித்துவைப்பான், நான் எங்கே என்று கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் சொல்வான்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'த' என்ற சின்னச் சொல்லை வாசிப்பில் விட்டுவிட்டே போனான். தமிழில் அதற்கு இணை இல்லாததால் அவன் கண்ணுக்கு அது வேண்டாத சொல். விரல் வைத்து வாசிக்கச் சொன்னதும் நின்றுவிட்டது. அடிக்கடி வரும் இத்தகைய 220 சொற்களை அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச் 1936-இல் பட்டியலிட்டார். இவற்றைப் படம்போல் மனப்பாடம் செய்யச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'செட்' என்று ஒலிக்கும் 'சொன்னான்' என்பதற்கான சொல்லில் முதலும் கடைசியும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன, நடுவில் மட்டும் முரண். முரண்படும் எழுத்துகளுக்கு மட்டும் வட்டமிட்டு, மீதியை ஒலித்தே வாசித்தோம்.

வேகத்துக்கு ஒரே சிறு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது, 1979-இல் வாசிப்பு ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் விளக்கிய முறை. புதுப் பத்தியைக் கொடுக்கும்போது 100 சொல்லுக்கு 10-க்கு மேல் தவறினால் அந்தப் பத்தி அவனுக்கு அதிகம் என்று எடுத்துவிடுவேன்.

எண்களில் ஒரு சிறு விஷயம். 14 எழுதச் சொன்னால் 41 எழுதினான். தமிழில் 'பதினான்கு' என்றால் பத்து முன்னால், நான்கு பின்னால். ஆங்கிலத்தில் 13 முதல் 19 வரை ஒன்றின் இலக்கம் முதலில் ஒலிக்கிறது, கேட்ட வரிசையில் அவன் எழுதினான். 13-க்கும் 30-க்கும் சொல்லின் ஈற்றொலிதான் வேறுபாடு என்பதையும் சேர்த்துச் சில நாள் பழகியதும் தீர்ந்தது.

இப்போது

குறுகிய உயிர்களும் மெய்க்கூட்டங்களும் உள்ள புதுச் சொற்களைத் தம்பி ஊகிக்காமல் வாசிக்கிறான். இட்டுக்கட்டிய சொற்கள் சரியாக வருகின்றன. வேகம் இன்னும் குறைவு. தெரிந்த விஷயத்தைப் பற்றிய பத்தி புரிகிறது. பழக்கமில்லாத பொருளாக இருந்தால் தமிழில் ஒருமுறை பேசிவிட்டுத் தொடங்க வேண்டியிருக்கிறது. இது ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

அவனுடைய வகுப்பாசிரியைக்கு அம்மா மூலம் ஒரு குறிப்பு அனுப்பினேன். முன்கூட்டிப் பார்க்காத பக்கத்தை எல்லார் முன்னிலையிலும் வாசிக்கச் சொல்ல வேண்டாம், முதல் நாளே எந்தப் பத்தி என்று சொல்லிவிடுங்கள். தடுமாறினால் உடனே சொல்லை எடுத்துக்கொடுக்காமல், கடைசி எழுத்து வரை பார்க்கக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். அவர் இரண்டுக்கும் சம்மதித்தார். சென்ற வாரம் வகுப்பில் நான்கு வரி வாசித்திருக்கிறான்.

இரண்டு உயிரெழுத்து சேர்ந்து வரும் பாடம் இப்போது நடக்கிறது. படகுச் சொல்லில் வரும் ஓ-ஏ, மழைச் சொல்லில் வரும் ஏ-ஐ இரண்டும் வந்துவிட்டன. ஈ-ஏ கடலுக்கான சொல்லில் 'ஈ' என்றும் ரொட்டிக்கான சொல்லில் 'எ' என்றும் ஒலிப்பதால் அதைத் தொகுதியின் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன்.